கார்ல் பிளேகன்: பானை ஓட்டை நம்பிய மனிதர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கத் தொல்லியல் என்று பேச்செடுத்தால் டிராயைத் தோண்டிய ஷ்லீமன் பெயர் வரும், இல்லாவிட்டால் கிரீட் தீவின் ஆர்தர் எவன்ஸ் பெயர் வரும். இரண்டு பேருமே பணக்காரர்கள், பெரிய பேச்சுக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் வந்து, அவர்கள் சொன்னதில் எது நிற்கும், எது நிற்காது என்று மண்ணை வைத்தே சொன்னவர் கார்ல் பிளேகன். அவரைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. நண்பர்களும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த பிளேகன்?

அமெரிக்கர். 1887 ஜனவரி 27 அன்று மினியாபோலிஸில் பிறந்தார். 1971 ஆகஸ்ட் 24 அன்று ஏதென்ஸில் இறந்தார். பெற்றோர் நார்வேயிலிருந்து குடியேறியவர்கள். அப்பா ஆக்ஸ்பர்க் கல்லூரியில் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தவர், அதனால் அந்த மொழி வீட்டிலேயே புழங்கியது. தம்பி தியோடரும் பேர்பெற்ற வரலாற்றாசிரியர்தான். நார்வேக்காரர்கள் அமெரிக்காவுக்குக் குடியேறிய கதையை ஆராய்ந்தவர்.

பிளேகன் செய்த பெரிய வேலைகள் மூன்று. கிரேக்க நிலப்பகுதியின் வெண்கலக் காலத்துக்கு ஒரு காலவரிசை போட்டுக்கொடுத்தார். 1932 முதல் 1938 வரை டிராயை மறுபடி தோண்டினார். கிரேக்கத்தின் தென்மேற்கில் பைலோஸ் அருகே ஓர் அரண்மனையையும் அதன் களிமண் கணக்கு ஏடுகளையும் வெளியே கொண்டுவந்தார். மூன்றாவது வேலை இல்லாமல் போயிருந்தால் ஐரோப்பாவின் மிகப் பழைய வாசிக்கக்கூடிய எழுத்து வாசிக்கப்பட எத்தனை வருடம் பிடித்திருக்குமோ.

பெயரை எப்படிச் சொல்வது?

பிளே-கன். ‘பிளெஜன்’ இல்லை.

வெண்கலக் காலத்தைத் தோண்டியவரை ‘செவ்வியல் தொல்லியலாளர்’ என்று சொல்லலாமா?

நியாயமான கேள்வி. செவ்வியல் காலம் என்றால் பார்த்தினான் கோயில், சாக்ரடீஸ் எல்லாம் இருந்த கி.மு. 5, 4-ஆம் நூற்றாண்டுகள். பிளேகன் தோண்டியது பெரும்பாலும் அதற்கு எண்ணூறு, ஆயிரம் வருடம் முந்தியதை.

ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிரேக்க, ரோமானியத் தொல்லியல் செவ்வியல் மொழித்துறையின் கூரைக்குக் கீழேதான் இருக்கிறது. முதலில் கிரேக்கமும் லத்தீனும் படிக்க வேண்டும், ஜெர்மனும் பிரெஞ்சும் வாசிக்கத் தெரிய வேண்டும். மண்வெட்டி அதற்கப்புறம்தான். பிளேகன் அந்த வழியாக வந்தவர். டிராய் போரைப் பாடிய கவிஞர் ஹோமரை மூலத்தில் படித்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார். அது அவருக்குப் பலமாகவும் இருந்தது, சில இடங்களில் காலையும் வாரியது. டிராய் கேள்வியில் அதைப் பார்க்கலாம்.

படிப்பு, வேலை எல்லாம் எப்படி அமைந்தது?

மினசோட்டாவில் படித்துவிட்டு யேல் பல்கலைக்கழகம் போனார். 1911-இல் ஏதென்ஸில் உள்ள அமெரிக்கச் செவ்வியல் ஆய்வுப் பள்ளிக்கு உதவித்தொகை மாணவராக வந்தார். 1881-இல் தொடங்கிய இந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. கிரேக்கத்தில் தோண்ட விரும்பும் அமெரிக்கருக்கு அதுதான் வாசல். வந்தவர் அங்கேயே வேரூன்றிவிட்டார். 1913-இல் பள்ளியின் செயலர், 1920-இல் துணை இயக்குநர், 1926-27-இல் தற்காலிக இயக்குநர். யேலில் முனைவர் பட்டம் வாங்கியது 1920-இல்தான், அதாவது களத்தில் பல வருடம் கைபழகிய பிறகு.

1927-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1957-இல் ஓய்வு பெறும்வரை அதே பல்கலைக்கழகம். பாதி வாழ்க்கை ஒஹையோவில், பாதி ஏதென்ஸில்.

நடுவில் இரண்டு போர்கள். முதல் போர் முடியும் சமயத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தோடு மாசிடோனியப் பகுதியில் நிவாரண வேலை பார்த்தார். இரண்டாம் போரில் வாஷிங்டனில் அமெரிக்க உளவு அமைப்பில் உட்கார்ந்திருந்தார். போர் முடிந்ததும் ஏதென்ஸ் தூதரகத்தில் ஒரு வருடம்போலக் கலாசார அதிகாரி. ‘தொல்லியலாளர் எல்லாரும் ஒற்றர்கள்’ என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டுக் கேட்பவர்களுக்கு: அந்தத் தலைமுறையில் பல பேருக்கு இப்படி ஒரு பக்கம் உண்டு. கிரேக்க மொழியும் கிராமங்களும் கடற்கரையும் அத்துப்படியானவர்களை வேறு எங்கே போய்த் தேடுவார்கள்?

அவருடைய முதல் பெரிய பங்களிப்பு என்ன?

கொரிந்து நகருக்குப் பக்கத்தில், கடலோரத்தில், கொராக்கு என்று ஒரு மேடு. 1915, 1916-இல் அதைத் தோண்டினார். தங்கமும் கிடைக்கவில்லை, சிலையும் கிடைக்கவில்லை. கிடைத்தது பானை ஓடு. ஆனால் அடுக்கடுக்காகக் கிடைத்தது. எந்த ஓடு எந்த அடுக்கில் என்று குறித்துக்கொண்டே போனார். கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. கொள்கை அவ்வளவு எளியதுதான். அதைச் சலிக்காமல், ஒரு கூடை ஓட்டைக்கூட இடம் மாற்றாமல் செய்வதுதான் கஷ்டம்.

அந்த வரிசையை வைத்து அவரும், அப்போது ஏதென்ஸில் பிரிட்டிஷ் பள்ளியின் இயக்குநராக இருந்த ஆலன் வேஸும் சேர்ந்து 1918-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கிரேக்க நிலப்பகுதிக்கு ‘ஹெலாடிக்’ என்று பெயர் வைத்து, அதை முற்காலம், இடைக்காலம், பிற்காலம் என்று பிரித்தார்கள். நூறு வருடம் கழித்தும் மாணவர்கள் அந்தப் பெயர்களைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள்.

அதில் என்ன சண்டை வந்தது?

ஆர்தர் எவன்ஸ் 1900-இல் கிரீட்டில் நாசோஸ் அரண்மனையைத் தோண்டத் தொடங்கியவர். அவர் கணக்கு இது: நாகரிகம் கிரீட்டில் பிறந்தது, அதைக் கட்டியவர்கள் கிரேக்கர் அல்லர், மைசீனி முதலான நிலப்பகுதி நகரங்கள் எல்லாம் கிரீட்டின் குடியேற்றங்கள். ஒரு காலனிபோல.

பிளேகனும் வேஸும் பார்த்த ஓடுகள் வேறு சொல்லின. கிரீட்டின் செல்வாக்கு இருக்கிறது, சரி. ஆனால் நிலப்பகுதி மக்களின் மரபு நடுவில் அறுபடவே இல்லை. பிற்காலத்தில் கிரீட்டின் மேலேயே அவர்கள் கை ஓங்கியிருக்கிறது. அப்போது எவன்ஸ் இந்தத் துறையின் ராஜா. அவரை எதிர்த்து எழுதுவது சாதாரணம் இல்லை. வேஸ் 1923-இல் பிரிட்டிஷ் பள்ளிப் பதவியை இழந்தார், அடுத்த பத்து வருடம் லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் துணிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். பிளேகன் அமெரிக்கர், வேறு பள்ளி, வேறு சம்பளம்; அவருக்கு அவ்வளவு அடி விழவில்லை. இருவரும் கடைசிவரை நண்பர்கள்.

எவன்ஸ் 1941-இல் இறந்தார். தான் தோற்றது தெரியாமலே போய்ச் சேர்ந்தார் என்று சொல்லலாம்.

நாலு பேர் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பிளேகனைப் பற்றி எதுவுமே தெரியாதவர்களுக்கும் இது மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது!

எலிசபெத் பியர்ஸ் என்ற ஆய்வாளரை பிளேகன் மணந்துகொள்ள விரும்பினார். எலிசபெத்தின் வாழ்க்கையில் ஏற்கெனவே ஐடா தாலன் இருந்தார். வஸார் கல்லூரியில் முதலில் எலிசபெத்துக்கு ஆசிரியர், பிறகு பிரியாத தோழி. ஐடாவை விட்டு வர எலிசபெத்துக்கு மனமில்லை. கடைசியில் வழி ஒன்று கண்டுபிடித்தார்கள். 1924-இல் பிளேகன் எலிசபெத்தை மணந்தார். பிளேகனின் மூத்த நண்பரும் அமெரிக்கப் பள்ளியின் இயக்குநருமான பெர்ட் ஹாட்ஜ் ஹில் ஐடாவை மணந்தார். நாலு பேரும் ஏதென்ஸில் புளுடார்க் தெருவில் 9-ஆம் எண் வீட்டில் குடியேறினார்கள். தங்களைக் ‘குடும்பம்’ என்றே சொல்லிக்கொண்டார்கள்.

இதில் கிசுகிசு தேடுகிறவர்களைவிட, அந்த வீட்டுக்கு வந்துபோனவர்கள் பட்டியலைப் பார்ப்பவர்களுக்குத்தான் அதிகம் கிடைக்கும். கிரேக்கத் தொல்லியலில் பாதிப் பேர் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். ஐடா 1954-இலும், ஹில் 1958-இலும், எலிசபெத் 1966-இலும் போனார்கள். கடைசியாக மிஞ்சியது பிளேகன்.

ஷ்லீமன்தான் டிராயைத் தோண்டிவிட்டாரே. பிளேகன் ஏன் மறுபடி போனார்?

துருக்கியின் வடமேற்கில், சானக்காலே பக்கம் ஹிசார்லிக் என்ற மேடு. ஷ்லீமன் 1870-இல் தொடங்கி அதன் நடுவில் பெரிய பள்ளமாக வெட்டினார். ‘பிரியாம் மன்னனின் புதையல்’ என்று அவர் எடுத்துக் காட்டிய தங்கம், ஹோமர் சொல்லும் போருக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் முந்தியது. தேடிய அடுக்கைத் தாண்டிக் கீழே போய்விட்டார், போகிற வழியில் அதில் பெரும்பகுதியை அள்ளியும் கொட்டிவிட்டார். பின்னால் வந்த ஜெர்மன் தொல்லியலாளர் டோர்ப்ஃபெல்ட் 1893, 1894-இல் ஒழுங்குபடுத்தினார். ஒன்பது நகரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன, அதில் ஆறாவதுதான் ஹோமரின் டிராய் என்றார்.

நல்லவேளையாக அங்கங்கே தொடாத மண் தூண்போல நின்றது. பிளேகன் குறிவைத்தது அதைத்தான். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க அவர் போகவில்லை. மிச்சமிருக்கிற மண்ணில் அடுக்குகளைச் சரிபார்க்கத்தான் போனார். ஏழு பருவங்கள் வேலை நடந்தது. ஒன்பது நகரங்களை 46 உட்பிரிவுகளாகப் பிரித்துக் காட்டினார்கள். மேரியன் ராசன், ஜான் காஸ்கி, ஜெரோம் ஸ்பெர்லிங் ஆகியோரோடு சேர்ந்து எழுதிய அறிக்கை 1950 முதல் 1958 வரை நாலு பெரிய தொகுதிகளாக வந்தது. தோண்டி முடித்து எழுதாமலே போனவர்கள் நிறைந்த துறை இது, சொல்லப்போனால் அவருடைய நண்பர் ஹில்லே அதற்குப் பேர்போனவர். அந்த வகையில் பிளேகன் கடனைத் தீர்த்தவர்.

செலவு? சின்சினாட்டியின் வில்லியம் செம்பிளும், அவர் மனைவி லூயிஸ் டாஃப்ட் செம்பிளும் தாங்கினார்கள். லூயிஸ், அமெரிக்க அதிபர் டாஃப்டின் அண்ணன் மகள். அவர் பெயரில் உள்ள நிதி இன்றும் அந்தத் துறையை நடத்துகிறது.

டிராய் போர் உண்மையில் நடந்ததாக அவர் நிரூபித்தாரா?

அவர் அப்படித்தான் நம்பினார். நான் நம்பவில்லை.

அவர் கண்டது இது. ஆறாவது நகரத்தின் மதில்கள் சரிந்து கிடந்த விதம் நிலநடுக்கத்தைக் காட்டியது. அடுத்து வந்த ஏழாவது நகரத்தின் முதல் கட்டத்தில், மதிலுக்குள் சின்னச் சின்ன வீடுகள் நெருக்கியடித்துக் கட்டப்பட்டிருந்தன. வீட்டுத் தரையில் குழிபறித்துக் குதிர் மாதிரிப் பெரிய தாழிகளைக் கழுத்துவரை புதைத்து வைத்திருந்தார்கள். அப்புறம் தீ. தெருவிலும் வீட்டிலும் கொஞ்சம் மனித எலும்புகள். ஒரு வெண்கல அம்புமுனை. முற்றுகைக்குப் பயந்து ஜனங்கள் மதிலுக்குள் ஒதுங்கி, தானியம் சேர்த்து, கடைசியில் எரிந்துபோன நகரம் என்று பிளேகன் வாசித்தார். ஹோமரின் டிராய் இதுதான் என்று தீர்த்துச் சொன்னார்.

அவர் சொன்ன அடுக்கு சரி, தீ சரி, நெருக்கடி சரி. ஆனால் எரித்தது யார் என்பதைத் தாழியும் சொல்லாது, ஓர் அம்புமுனையும் சொல்லாது. இதை மோசஸ் ஃபின்லி என்ற வரலாற்றாசிரியர் 1960-களில் முகத்துக்கு நேராகவே கேட்டார். அதைவிடப் பெரிய சிக்கல் தேதியில் இருக்கிறது. இன்று பெரும்பாலானோர் அந்தத் தீயை கி.மு. 1180 வாக்கில் வைக்கிறார்கள். அப்போது கிரேக்கத்து அரண்மனைகளே எரிந்துகொண்டிருந்தன, சில ஏற்கெனவே சாம்பல். படையெடுத்துப் போக ஊரில் யார் மிச்சம்? பிளேகன் இதை உணர்ந்திருக்கிறார் என்றே தோன்றுகிறது. வருடம் போகப்போக, அவர் டிராயின் வீழ்ச்சியை கி.மு. 1240-லிருந்து 1260, 1270 என்று முன்னால் தள்ளிக்கொண்டே போனார்.

கொராக்குவில் ஒரு கூடை ஓட்டுக்குக் காட்டிய கண்டிப்பை அவர் ஹோமரின் இலியட் காவியத்துக்குக் காட்டவில்லை. சின்ன வயதில் படித்த கதை மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தால் யாராக இருந்தாலும் கொஞ்சம் சறுக்கும்தான்.

பைலோஸில் முதல் நாளே ஏடுகள் கிடைத்தன என்பது கட்டுக்கதையா?

இல்லை, நடந்தது. இலியட் கணக்குப்படி பைலோஸ் மன்னன் நெஸ்டர் டிராய்க்கு 90 கப்பல் கொண்டுபோனான். கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னோனுக்கு அடுத்தபடி அவன்தான். அவ்வளவு பெரிய ராஜாவின் அரண்மனை எங்கே என்று பழங்காலத்திலிருந்தே தகராறு. டோர்ப்ஃபெல்ட் வடக்கே ககோவதோஸ் என்ற இடத்தைக் காட்டினார். பிளேகனும் கிரேக்கத் தொல்லியலாளர் கூரோனியோடிஸும் தெற்கே மெசீனியாவில் மேடு மேடாக ஏறிப் பார்த்து, ஹோரா ஊருக்குப் பக்கத்தில் எபானோ எங்லியானோஸ் என்ற குன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். மேலே ஆலிவ் தோப்பு.

1939 ஏப்ரல் 4. முதல் குழியை மேற்பார்த்தவர் வில்லியம் மெக்டொனால்ட் என்ற மாணவர். சுவர் வந்தது, வண்ணப் பூச்சுத் துண்டு வந்தது, கூடவே எழுத்துப் பொறித்த களிமண் ஏடுகளும் வந்தன. குழி நேராக அரண்மனையின் ஆவண அறைக்குள் இறங்கியிருந்தது. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வெட்டியிருந்தால் அந்தப் பருவம் வேறு மாதிரி முடிந்திருக்கும். சுமார் 600 ஏடுகளோடு பருவம் முடிந்தது.

அந்த எழுத்துக்கு லீனியர் பி என்று பெயர். அதுவரை ஏடுகளாக அது கிடைத்தது நாசோஸில் மட்டும்தான். நிலப்பகுதியில் சில ஜாடிகளின் மேல் எழுதியிருந்தது, அவ்வளவே.

ஏடுகள் தப்பியதற்குக் காரணமும் ஒரு தீதான். அவை சுடாத களிமண். ஒரு வருடக் கணக்கு முடிந்ததும் கரைத்துவிட்டு மறுபடி பிசைந்துகொள்ளலாம். கி.மு. 1200-ஐ ஒட்டி அரண்மனை எரிந்தபோது சூளையில் வைத்ததுபோல வெந்துவிட்டன. ஊர் அழிந்த அன்று குமாஸ்தாவின் கணக்கு மட்டும் பிழைத்தது.

ஏடுகளை வாசித்தது பிளேகனா?

இல்லை. வாசித்தவர் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர், 1952-இல். ஆனால் அவர் கைக்கு அது எப்படிப் போனது என்பதில்தான் பிளேகனின் பெருமை இருக்கிறது.

எவன்ஸ் நாசோஸ் ஏடுகளில் பெரும்பகுதியைத் தன் வாழ்நாள் முழுக்க வெளியிடவில்லை. நாற்பது வருடம்! பிளேகன் என்ன செய்தார்? போர் வந்ததும் ஏடுகளை ஏதென்ஸில் கிரேக்க வங்கியின் பெட்டகத்தில் பத்திரப்படுத்தினார். அலிசன் ஃபிரான்ட்ஸ் எடுத்த படங்களைத் தன் மாணவர் எம்மெட் பென்னட்டிடம் ஒப்படைத்தார். பென்னட் போர்க்காலத்தில் ராணுவச் சங்கேதங்களை உடைத்துப் பழகியவர். ஒரே குறியை வெவ்வேறு எழுத்தர்கள் எழுதும் விதத்தைப் பிரித்தறிந்து, குறிகளின் பட்டியலைச் சீராக்கி, 1951-இல் பைலோஸ் ஏடுகளை அச்சில் கொண்டுவந்தார். புரூக்ளினில் ஆலிஸ் கோபர் தனியாக இன்னொரு வழியில் இலக்கணத் திரிபுகளைக் கண்டுபிடித்திருந்தார். 1950-இல் அவர் இறந்துபோனார். இவற்றின்மேல் ஏறி நின்றுதான் வென்ட்ரிஸ் எட்டிப் பிடித்தார். 1952 ஜூலை 1 அன்று பிபிசி வானொலியில் ‘இது கிரேக்க மொழி’ என்று அறிவித்தார்.

நிறையப் பேர் நம்பவில்லை. அந்த வருடம்தான் பிளேகன் பதின்மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு பைலோஸில் மறுபடி தோண்டத் தொடங்கியிருந்தார், புதிய ஏடுகளும் கிடைத்திருந்தன. வென்ட்ரிஸ் அவற்றைப் பார்த்ததே இல்லை. 1953 வசந்தத்தில் பிளேகன் அவற்றைத் துடைத்து எடுத்து, வென்ட்ரிஸின் ஒலிப் பட்டியலை ஒரு ஏட்டில் போட்டுப் பார்த்தார். நம் உயிர்மெய் போல ஒரு குறிக்கு ஓர் அசை. தி-ரி-போ-தே என்று வந்தது. பக்கத்திலேயே மூன்று கால் அண்டாவின் படம், அதையடுத்து 2 என்ற எண். கேமரா நிற்க வைக்கும் ‘டிரைபாட்’ இருக்கிறதே, அதே சொல்.

கீழே கோப்பைகள். ‘நாலு பிடி’ என்று வாசிக்கும் சொல்லுக்குப் பக்கத்தில் நாலு பிடிக் கோப்பை வரைந்திருக்கிறது. ‘மூன்று பிடி’, மூன்று. ‘பிடியில்லை’, ஒன்றும் இல்லை. ஓர் அண்டாவைப் பற்றி ‘கால்கள் கருகிப் போயின’ என்று குறிப்பு வேறு. இது தற்செயலாக இருக்க முடியுமா என்று பிளேகன் வென்ட்ரிஸுக்குக் கடிதத்தில் கேட்டார். கேள்விக்குள்ளேயே பதிலும் இருந்தது. வாதம் பெரும்பாலும் அதோடு அடங்கிவிட்டது.

வேஸும் அதைப் பார்த்தார். 1923-இல் இழந்த வழக்கில் முப்பது வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது: அரண்மனைகளில் இருந்தவர்கள் கிரேக்கர்கள்தான், நாசோஸின் கடைசிக் கட்டத்திலும்கூட.

ஏடுகளில் நெஸ்டர் பெயர் இருக்கிறதா? கதை, கவிதை ஏதாவது?

இல்லவே இல்லை. ஆடு, வெண்கலம், சணல், வாசனை எண்ணெய், வேலைக்காரப் பெண்கள், அவர்களின் குழந்தைகள், படகுக்குத் துடுப்புப் போடுபவர்கள். கடற்கரைக் காவலுக்கு யாரை எங்கே நிறுத்துவது என்று ஒரு வரிசை. எல்லாம் தாலுகா அலுவலகச் சமாச்சாரம். ஆனால் ஊர்ப் பெயர் ‘பு-ரோ’, அதாவது பைலோஸ், என்று திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் இடத் தகராறு பெருமளவு தீர்ந்தது. டயோனிசஸ் என்ற கடவுளின் பெயரும் இருக்கிறது. எக்டர், அகிலிஸ் என்ற பெயர்களும் உண்டு, டிராய் கதையின் வீரர்களாக இல்லை, ஊரில் சாதாரண ஆட்களாக.

‘நெஸ்டர் அரண்மனை’ என்று பிளேகன் வைத்த பெயர் நிலைத்துவிட்டது, பலகையிலும் அதுதான். ஒரு மைசீனியக் கால அரண்மனை என்பதற்கு மேல் அந்தப் பெயருக்கு ஆதாரம் ஹோமர் மட்டுமே.

தோண்டியவர்கள் அவர் ஒருவர்தானா?

எந்தத் தோண்டலும் ஒருவருடையது இல்லை. அரண்மனையின் அறிக்கை முழுக்க மேரியன் ராசனின் உழைப்பு ஓடுகிறது. ஆயிரக்கணக்கான துண்டுகளாக உதிர்ந்த சுவரோவியங்களை மேபல் லாங் ஒட்டிப் படித்தார். அரியணைக் கூடம் எப்படி இருந்திருக்கும் என்று பியட் டி யாங் வண்ணத்தில் வரைந்தார். இன்று புத்தகங்களில் பார்க்கும் படம் அவருடையதுதான். தேன்கூடு வடிவக் கல்லறைகளைத் தோண்டியதில் வில்லியம் டெய்லர் முக்கியமானவர். மண்ணை வெட்டிக் கூடை சுமந்தவர்கள் பக்கத்துக் கிராமத்து ஆட்கள்.

இன்றைய முறையில் பார்த்தால் அவர் வேலை தேறுமா?

பெரும்பாலும் தேறும், அதற்கு ஓர் உதாரணம் போதும். ஆவண அறையில் கிடந்த எரிந்த மாட்டு எலும்புகளை அவர் குழு எடுத்து வைத்தது, ஆனால் ஆராயவில்லை. அந்தக் காலத்தில் யாரும் எலும்பைப் பெரிதாக நினைத்ததில்லை. ஐம்பது வருடம் பெட்டியில் கிடந்தன. 2000-களில் எடுத்துப் பார்த்தபோது குறைந்தது பத்து மாடுகள் வந்தன. தாடையும் மேல்கால் எலும்பும் மட்டும் பொறுக்கி எடுத்து எரித்திருக்கிறார்கள். பலி. ஹோமரின் ஒடிசி காவியத்தில் நாயகன் ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸ் பைலோஸ் கரையில் இறங்கும்போது நெஸ்டர் ஆட்கள் செய்துகொண்டிருப்பது மாட்டுப் பலிதான். எடுத்து வைத்ததற்கு நன்றி, பார்க்காமல் விட்டதற்கு ஒரு குட்டு.

அவருக்குப் பிறகு அங்கே ஏதாவது கிடைத்ததா?

2015-இல், சின்சினாட்டியின் ஷாரன் ஸ்டாக்கரும் ஜாக் டேவிஸும் அரண்மனைக்குப் பக்கத்து ஆலிவ் தோப்பில் யாரும் தொடாத ஒரு கல்லறையைக் கண்டார்கள். கி.மு. 1500–1450 வாக்கில் புதைத்த ஒரு வீரன், கூடவே ஆயிரக்கணக்கான பொருள்கள். சிங்க உடலும் கழுகுத் தலையுமான கிரிஃபின் பொறித்த தந்தத் தகடு ஒன்று இருந்ததால் ‘கிரிஃபின் வீரன்’ என்று பெயர். மூன்றரை சென்டிமீட்டர் அகேட் கல்லில் மூன்று பேர் சண்டை போடும் காட்சி செதுக்கியிருக்கிறது. வெறும் கண்ணால் பார்த்தால் பாதி தெரியாது.

வேடிக்கை என்னவென்றால் அந்தப் பொருள்களில் நிறைய கிரீட் பாணி. எவன்ஸ் ஆட்கள் சிரிக்கலாமா? கொஞ்சம் சிரிக்கலாம். கிரீட்டுக்காரர் வந்து ஆண்டார் என்பதற்கு அது சாட்சி இல்லை. ஆனால் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் தொடக்கத்தில் எந்த அளவுக்குக் கிரீட்டைப் பார்த்து உடுத்தினார்கள், எதை வைத்துப் புதைந்தார்கள் என்பதை பிளேகன், வேஸ் காலத்தைவிட இப்போது பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நேரில் போனால் என்ன பார்க்கலாம்?

இன்றைய பைலோஸ் ஊரிலிருந்து வடக்கே சுமார் 17 கிலோமீட்டர். 2016-இல் புதுக் கூரை போட்டு, மேலே நடைபாதை அமைத்திருக்கிறார்கள், அரண்மனையை மாடியிலிருந்து பார்ப்பதுபோலப் பார்க்கலாம். நடுவில் நாலு மீட்டர் அகல வட்ட அடுப்பு. பக்கத்து அறைகளில் எண்ணெய்த் தாழிகள். தண்டு வைத்த மண் கோப்பைகள் மட்டும் 2,800-க்கு மேல் ஒரே அறையில் அடுக்கியிருந்தன, விருந்து பெரிதாகத்தான் நடந்திருக்கிறது. பொருள்கள் ஹோரா அருங்காட்சியகத்தில்.

குளியல் தொட்டியைத் தவற விடாதீர்கள். சுட்ட மண்ணால் ஆனது, உள்பக்கம் வண்ணம் தீட்டியது, ஏறி இறங்க ஒரு படி வைத்தது. ஒடிசியில் டெலிமாக்கஸைக் குளிப்பாட்டுவது நெஸ்டரின் கடைசி மகள். பிளேகன் அந்தத் தொட்டியைக் கண்டபோது அந்த வரிகள் அவர் மனதில் ஓடாமலா இருந்திருக்கும்? அறிக்கையில் அதன் நீள அகலத்தை ஒழுங்காக அளந்து எழுதியிருக்கிறார்.